பெயர் தெரியும் பக்கம்

நத்தம் பக்கத்தில் பெண்ணுக்குச் சீர்ப் பாத்திரம் வாங்கினால் பெயர் வெட்டாமல் வீட்டுக்குக் கொண்டுவர மாட்டார்கள். பாத்திரக் கடையின் ஓரத்திலேயே அதற்கென்று ஒருவர் உட்கார்ந்திருப்பார். முன்பு சிறு உளியும் சுத்தியலும் வைத்திருந்தார். இப்போது மின்சாரத்தில் ஓடும் பேனா போன்ற கருவி. அண்டா, குடம், தூக்கு, இட்லிக் கொப்பரை, குத்துவிளக்கு என்று ஒவ்வொன்றின் மேலும் பெண்ணின் பெயரோ, கொடுத்தவரின் பெயரோ, நாளோ புள்ளி புள்ளியாக விழும். நிலத்துப் பட்டாவிலும் வீட்டுப் பத்திரத்திலும் பெயர் இல்லாமலே வாழ்ந்து முடித்த எத்தனையோ பெண்களுக்கு, ஒரு பொருளின் மேல் தங்கள் பெயர் எழுதப்பட்டிருந்தது இந்தப் பித்தளையில் மட்டும்தான்.

எவர்சில்வர் வந்தபிறகு பித்தளை பரணுக்கு ஏறியது. பரணிலிருந்து எடைக்குப் போனது. கொஞ்சம் கலைநயம் உள்ளவை எங்கள் ஊரிலிருந்து கொட்டாம்பட்டி, சிங்கம்புணரி, திருப்பத்தூர் வழியாகக் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்குப் போயின. இப்போது அவை இணைய ஏலத்துக்கு வருகின்றன. கைப்பேசி வைத்திருக்கும் யாரும் விற்கலாம், யாரும் விலை கேட்கலாம். விற்பவருக்குச் சொல்லப்படும் முதல் அறிவுரை எப்போதும் படத்தைப் பற்றியதுதான்: துலக்கி வை, பகல் வெளிச்சத்தில் எடு, பின்னால் துணிமணி, சாமான் எதுவும் தெரியக் கூடாது, நாலு பக்கமும் காட்டு. நல்ல அறிவுரைதான். ஆனால் அந்த நாலு பக்கத்தில் ஒன்றில் பெயர் இருக்கிறது. நான் பார்த்த பல படங்களில் அந்தப் பக்கம் மட்டும் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. பெயர் தெரிந்தால் ‘யாரோ புழங்கியது’ என்று விலை இறங்கிவிடும் என்றார் ஒரு வியாபாரி. பழமை வேண்டும், பழமைக்கு உரியவள் வேண்டாம்.

படத்தை வைத்துப் பொருளை விற்கும் வழக்கத்தின் வரலாற்றில் பெண்ணின் பெயர் எங்கெல்லாம் இப்படித் திருப்பி வைக்கப்பட்டது, எங்கெல்லாம் வெளியே தெரிந்தது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்க நினைக்கிறேன்.

ஒளிப்படம் இந்தியாவுக்கு வந்த கொஞ்ச காலத்திலேயே அரசு அதைப் பட்டியல் போடப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டது. 1868 முதல் 1875 வரை லண்டனில் எட்டுத் தொகுதிகளாக ‘இந்திய மக்கள்’ என்ற படநூல் வெளியானது. ஃபோர்ப்ஸ் வாட்சனும் ஜான் வில்லியம் கேயும் பதிப்பித்தார்கள். 400க்கும் மேற்பட்ட படங்கள். படத்தில் இருப்பவர் யார் என்பதைவிட என்ன சாதி, என்ன குலம், என்ன தொழில் என்பதுதான் அங்கே முக்கியம். அதற்கு அடுத்த தலைமுறையில் இந்தப் பார்வை கடைத்தெருவுக்கு வந்தது. 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் சென்னையிலும் கொழும்பிலும் இருந்த ஐரோப்பிய ஒளிப்பட நிலையங்கள் அஞ்சலட்டைகளை அச்சிட்டு விற்றன. கொழும்பில் 1890இல் தொடங்கிய பிளாட்டே நிறுவனம் அவற்றில் பேர்பெற்றது. அட்டையின் அடியில் ‘தமிழ்ப் பெண்’, ‘தேயிலை பறிக்கும் தமிழ்ப் பெண்’, ‘நாட்டியக்காரி’ என்று இருக்கும். அவ்வளவுதான்.

அந்தத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களில் மதுரை, திருச்சி, இராமநாதபுரம் பகுதிப் பெண்கள் ஏராளம். திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985இல்தான். அதுவரை நாங்களும் மதுரை மாவட்டம். அதனால் அந்த அட்டைகளைப் பார்க்கும்போது என் ஊர் மூக்குத்தியையும் பாம்படத்தையும் தேடாமல் என்னால் இருக்க முடிவதில்லை. இன்று அதே அட்டைகள் இணைய ஏலத்தில் விற்கின்றன. விற்பவர்கள் விதிப்படி நல்ல படம் போடுகிறார்கள், முன்பக்கம், பின்பக்கம், முத்திரை என்று. ‘மூலை மடங்கவில்லை, கறை இல்லை’ என்று நிலையும் எழுதுகிறார்கள். அட்டையின் நிலை நமக்குத் தெரிகிறது. அந்தப் பெண் கேமரா முன்னால் விரும்பி உட்கார்ந்தாளா, அவளுக்குக் கூலி கொடுத்தார்களா, அவள் பெயர் என்ன என்பதைச் சொல்ல அந்தப் பட்டியலில் இடமே கிடையாது.

கேமரா யார் கையில் இருந்தது என்பதும் இதில் சேர்ந்த கேள்விதான். 1892இல் லாலா தீன் தயாள் ஹைதராபாத்தில் பெண்களுக்கென்று ஒரு தனி ஒளிப்பட நிலையம் திறந்தார். அங்கே படம் எடுத்தவர் கென்னி லெவிக் என்ற ஆங்கிலேயப் பெண். கோஷா வீட்டுப் பெண்கள் அங்கே தங்களுக்காகத் தாங்களே பணம் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ள முடிந்தது. வசதி படைத்தவர்களுக்குத்தான் அந்த வாய்ப்பு. தேயிலை பறித்தவளுக்கும் சதிராடியவளுக்கும் அப்படி ஒரு வாசல் திறக்கவில்லை.

இணைய ஏலம் பிறந்த கதையிலும் ஒரு பெண் ‘படமாக’ வருகிறாள். 1995 செப்டம்பரில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் பியர் ஒமிடியார் என்பவர் ‘ஆக்‌ஷன்வெப்’ என்ற பக்கத்தைத் தொடங்கினார். அதுதான் பிற்பாடு இபே ஆனது. முதலில் விற்றது உடைந்துபோன ஒரு லேசர் விளக்கு, 14 டாலர் 83 சென்ட்டுக்கு. ஆனால் இந்தக் கதையால் பத்திரிகைகளை ஈர்க்க முடியவில்லை. மிட்டாய் டப்பா சேகரிக்கும் தன் வருங்கால மனைவிக்காக ஒமிடியார் இந்த ஏலத்தைக் கண்டுபிடித்தார் என்று நிறுவனத்தின் விளம்பர அதிகாரி ஒரு கதை கட்டினார். அந்த அதிகாரியும் ஒரு பெண்தான். உலகமே பல ஆண்டுகள் அதை நம்பியது. தொழில் செய்யும் பெண் கட்டிய கதையிலும் மிட்டாய் டப்பாவுக்கு ஆசைப்படும் பெண்தான் விலைபோகிறாள் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

ஏலம் என்றால் நமக்குத் தெரிந்தது கையால் தொட்டுப் பார்க்கும் ஏலம். மாங்காயை அமுக்கிப் பார்ப்போம், புளியை வாயில் போட்டுப் பார்ப்போம். இணைய ஏலத்தில் கைக்கு வேலையில்லை. கண்ணுக்குக் கிடைப்பது படம் ஒன்றுதான். பொருளின் இடத்தில் படம் வந்து உட்கார்ந்ததும் வேறொன்றும் சாத்தியமானது. பொருளே இல்லாமல் படத்தை மட்டும் விற்கலாம். அந்தப் படத்தில் இருக்கும் ஆளையும் விற்பனைக்கு என்று சொல்லலாம்.

இந்தியா இதைக் கண்டது 2004இல். ‘பாஸி’ என்ற ஏலத் தளத்தை அந்த ஆண்டுதான் இபே வாங்கியிருந்தது. டெல்லிப் பள்ளி மாணவி ஒருத்தியை அந்தரங்க நிலையில் எடுத்த காணொளியை ஒரு கல்லூரி மாணவர் அந்தத் தளத்தில் விற்பனைக்குப் போட்டார். அது விற்கவும் செய்தது. தளத்தின் தலைமை அதிகாரி கைதானார். வழக்கு பெரும்பாலும் தளத்தின் பொறுப்பு எவ்வளவு என்பதைச் சுற்றியே நடந்தது. 2008இல் தகவல் தொழில்நுட்பச் சட்டம் திருத்தப்பட்டபோது இடைத்தரகர் பொறுப்பைப் பற்றிய பிரிவு மாற்றி எழுதப்பட்டது. ஒருவரின் அந்தரங்கத்தைச் சம்மதமில்லாமல் படம் எடுப்பதும் பரப்புவதும் குற்றம் என்று 66இ பிரிவும் சேர்ந்தது. சட்டமாணவர்கள் இன்றும் அந்த வழக்கை அதிகாரியின் பெயரால் படிக்கிறார்கள். அந்தச் சிறுமியின் பெயர் வெளியே வராமல் இருந்தது அவளுக்கு நல்லது. பெயர் மறைவது எல்லா நேரமும் அநீதி ஆகாது. மறைக்கும் முடிவை யார் எடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது அது.

2021 ஜூலையில் இது இன்னொரு வடிவம் எடுத்தது. ‘கிட்ஹப்’ என்ற மென்பொருள் தளத்தில் இஸ்லாமியப் பெண்களின் படங்களைத் திரட்டி, ‘இன்றைக்கு உங்களுக்கான பெண்’ என்று ஏலம் விடுவதுபோல ஒரு செயலியை ஏற்றியிருந்தார்கள். 2022 ஜனவரி 1 அன்று வேறு பெயரில் இன்னொன்று வந்தது. அதில் நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள். பத்திரிகையாளர்கள், வழக்கறிஞர்கள், செயல்பாட்டாளர்கள், காணாமல்போன மகனைத் தேடும் ஒரு தாய். எவரையும் யாரும் உண்மையில் விற்கவில்லை. ஆனால் பொதுவெளியில் பேசும் பெண்ணை ஒரு சரக்காகக் காட்ட, அவளே தன் பக்கத்தில் ஆசையாகப் போட்டிருந்த, வெளிச்சமும் கோணமும் சரியாக அமைந்த படமே போதுமாக இருந்தது. கைதானவர்கள் இருபது வயதை ஒட்டிய இளைஞர்கள். அவர்களில் ஓர் இளம்பெண்ணும் இருந்தார். அன்று என் வகுப்பு மாணவிகள் பலர் வாட்ஸ்அப் முகப்புப் படத்தை எடுத்துவிட்டுப் பூப்படம் வைத்தார்கள். மதம் பார்த்து அந்தப் பயம் வரவில்லை.

இதுவரை சொன்னதை வைத்துப் படமே வேண்டாம் என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். படம் பறிபோனதை மீட்டுத் தந்த வரலாறும் நம் ஊரில்தான் இருக்கிறது.

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடுபோன நடராசரை 2008இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. அதே மாவட்டத்துச் சிவன் கோயில் உமை ஒருத்தியைச் சிங்கப்பூரின் ஆசிய நாகரிகங்கள் அருங்காட்சியகம் 2007இல் 6,50,000 டாலருக்கு வாங்கியிருந்தது. விற்றவர் நியூயார்க் வணிகர் சுபாஷ் கபூர். அவருடைய பட்டியல் படங்களில் விளக்கொளி, நிழல், பின்னணி எல்லாம் அளந்து வைத்ததுபோல இருக்கும். சிலை எந்த ஊர், யார் கும்பிட்டது என்பது மட்டும் இருக்காது. அம்மனைக் கோயிலிலிருந்து பிரித்து வெறும் ‘கலைப்பொருள்’ ஆக்கியதில் அந்தப் படங்களுக்குப் பங்கு உண்டு.

புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. அங்குள்ளவர்கள் 1956 முதல் தமிழ்நாட்டுக் கோயில் கோயிலாகப் போய்ப் படமெடுத்து, ஊர்ப் பெயரோடு வரிசைப்படுத்தி வைத்திருந்தார்கள். விற்பதற்கு எடுத்தவை அல்ல. இந்த ஊரில் இந்தச் சிலை இருக்கிறது என்று பதிந்து வைக்க எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள். அந்தப் படங்களையும் விற்பனைப் பட்டியல் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் திருட்டு பிடிபட்டது. ஒரே முகபாவம் என்பது சாட்சி ஆகாது. வார்ப்பில் விழுந்த குறை, தேய்மானம், உடைந்த நுனி, இவைதான் இரண்டும் ஒன்று என்று சொல்கின்றன. 2014 செப்டம்பரில் நடராசர் இந்தியாவுக்குத் திரும்பினார். 2015இல் உமையைச் சிங்கப்பூர் திருப்பித் தந்தது. 2022இல் வேறொரு கோயில் திருட்டு வழக்கில் கும்பகோணம் நீதிமன்றம் கபூருக்குப் பத்தாண்டுச் சிறைத்தண்டனை கொடுத்தது.

உமை திரும்பியதற்குக் காரணம், அவளை விற்பதற்கு வெகுகாலம் முன்பே யாரோ அவளை ஊர்ப்பெயரோடு படமெடுத்து வைத்ததுதான். இதை வீட்டுக்குள் கொண்டுவந்து யோசித்துப் பாருங்கள். நம் பெண்களின் பொருளுக்கு அப்படி ஒரு பதிவு இருக்கிறதா?

சட்டம் கேட்கத்தான் செய்கிறது. வரதட்சணைத் தடைச் சட்டத்தின் கீழ் 1985இல் வந்த விதிகள், திருமணத்தில் பெண்ணுக்குக் கொடுத்த அன்பளிப்புகளுக்குப் பட்டியல் எழுதி, பொருளின் விவரம், மதிப்பு, கொடுத்தவர் பெயர் எல்லாம் குறித்துக் கையெழுத்திட்டு வைக்கச் சொல்கின்றன. பெண்ணின் பட்டியலைப் பெண்ணே வைத்துக்கொள்ள வேண்டும். அதே 1985இல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம், சீதனம் முழுக்க முழுக்க மனைவியின் உடைமை, கணவன் வீட்டில் அது இருப்பதாலேயே அவர்களுடையது ஆகிவிடாது என்றது. ஆனால் நான் கேட்ட கல்யாண வீடுகளில் மொய் நோட்டு இருந்தது, பெண்ணின் சீர்ப் பட்டியல் இல்லை. பிரச்சினை என்று வந்தால் வக்கீல்கள் கல்யாண ஆல்பத்தைப் புரட்டுகிறார்கள். சீர் வரிசை அடுக்கிய தாம்பாளங்களை வீடியோக்காரர் பெருமைக்காக எடுத்த படம் அன்றைக்குத்தான் சாட்சியாகிறது.

நகை விஷயத்தில் இன்னும் மோசம். அடமான நகை ஏல அறிவிப்பைச் செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள். பக்கம் முழுக்கக் கடன் எண்கள். ஒரு நகைக்கும் படம் கிடையாது. பிள்ளை படிப்புக்கு வைத்த ஆரம், ஆஸ்பத்திரிச் செலவுக்கு வைத்த வளையல், மாமியாருக்குத் தெரியாமல் வைத்த தோடு எல்லாம் எண்ணாகிவிடும். அஞ்சலட்டையில் பெண்ணின் படம் இருந்தது, பெயர் இல்லை. இங்கே பெயருக்கு எண் இருக்கிறது, பொருளுக்குப் படம் இல்லை. ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் கொண்டுவந்த தங்க, வெள்ளி அடமானக் கடன் நெறிமுறைகள் இதை ஓரளவு மாற்றுகின்றன. மதிப்பீட்டுச் சான்றிதழில் எடை, தரம் மட்டும் அல்லாமல் நகையில் உள்ள சேதமும் நகையின் படமும் இருக்க வேண்டும், ஏலத்தில் கடன் போக மீதி வந்தால் ஏழு வேலை நாளில் கடன் வாங்கியவருக்குக் கொடுக்க வேண்டும் என்கின்றன அவை. 2026 ஏப்ரல் 1க்குள் நடைமுறைக்கு வரவேண்டும் என்பது கெடு. அந்தச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள் என்று என் மாணவிகளின் அம்மாக்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். திருகு கழன்ற தோடு திருகு கழன்றதாகவே படத்தில் இருக்கட்டும். உமையை மீட்டது வார்ப்புக் குறைதான்.

நத்தம் சட்டைக்குப் பேர்போன ஊர். தெருவுக்குத் தெரு தையல் இயந்திரச் சத்தம் கேட்கும். காலர் வைப்பவர், காஜா எடுப்பவர், பட்டன் கட்டுபவர், பிசிறு வெட்டுபவர் என்று ஒரு சட்டை பல பெண்கள் கையில் ஏறி இறங்கும். கூலி பீஸ் கணக்கு. கடைசியில் காலருக்குள் ஒரு லேபிள் தைப்பார்கள். அதில் இருப்பது வேறு ஊர்க் கடையின் பெயர். தங்கள் கையால் ஊரான் பெயரைத் தைத்து அனுப்புவதுதான் இத்தனை ஆண்டு வேலை.

என்னிடம் படித்த மாணவி ஒருவர் அம்மாவோடு சேர்ந்து குழந்தைகள் சட்டை தைத்துக் கைப்பேசி வழியாக விற்கிறார். மிஞ்சும் ஒற்றைப் பீஸ்களை ஞாயிற்றுக்கிழமை ஏலத்துக்கு விடுகிறார். படம் எடுப்பதில் அவர் கைகண்டவர். காலை ஒன்பது மணிக்குத் திண்ணையில், நேர்வெயில் படாத இடத்தில், அப்பாவின் பழைய வெள்ளை வேட்டியை விரித்து அதன்மேல் சட்டையை வைக்கிறார். டியூப்லைட்டில் எடுத்தால் அரக்கு நிறம் கறுப்பாகத் தெரியும், வாங்கியவர் திருப்பி அனுப்பிவிடுவார், கூரியர் காசு நம் தலையில் விழும் என்கிறார். இஞ்ச் டேப்பைப் பக்கத்தில் நீட்டி வைக்கிறார். காஜாவைக் கிட்டத்தில் ஒரு படம், உள்தையலைப் புரட்டி ஒரு படம். துணியில் நெசவுக் குறை இருந்தால் அதற்கு விரல் நீட்டித் தனியாக ஒரு படம். “குறையைக் காட்டினா விலை கொஞ்சம் குறையும் டீச்சர், ஆனா ஆளு திரும்பி வருவாங்க” என்றார்.

ஒருநாள் அவர் எடுத்த படங்களை வெளியூர்க் கடை ஒன்று எடுத்துத் தன் சரக்கு என்று போட்டுக்கொண்டது. வேட்டிக் கரையும் திண்ணையின் சிமெண்ட் வெடிப்பும்கூட அப்படியே இருந்தன. கேட்டதற்குப் பதில் இல்லை. பெயரைச் சேர்த்துப் படம் எடு என்று நான் சொன்னேன். வீட்டில் அண்ணனுக்குச் சம்மதமில்லை. பெயர் போட்டால் நாலு பேர் தேடுவான், முகத்தைக் கண்டுபிடிப்பான், வேண்டாம் என்றார். 2022 ஜனவரியை நினைத்தால் அந்தப் பயத்தை நான் எப்படிச் சிரித்துத் தள்ளுவது? முகத்தைக் காட்டு என்று எந்தப் பெண்ணுக்கும் வெளியிலிருந்து உத்தரவு போட நமக்கு உரிமை இல்லை. முகம் வேறு, பெயர் வேறு என்பதைத்தான் நாங்கள் உட்கார்ந்து பேசினோம். கடைசியில் அம்மாதான் முடிவு சொன்னார். ஐம்பது வயதில் என்னை யார் தேடப் போகிறார்கள், என் பெயரைப் போடு என்றார். இப்போது காலருக்குள் இருக்கும் சின்ன லேபிளில் அந்த அம்மாவின் பெயர் தைத்திருக்கிறது. படம் எடுக்கும்போது காலரைத் திறந்துதான் வைக்கிறார்கள்.

பழைய பாத்திரத்தையோ புடவையையோ நகையையோ விற்கப் போகும் தோழிகளுக்கு ஒன்று சொல்வேன். விற்பது உங்கள் உரிமை. பரணில் கிடந்து பச்சை பூப்பதைவிட விற்று மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டுவது மேல். வாங்குபவருக்கு நாலு படம் எடுங்கள். நல்ல வெளிச்சத்தில், குறையை மறைக்காமல் எடுங்கள். பெயர் வெட்டிய பக்கத்தைத் திருப்பி வைக்காதீர்கள். அதன்பின் உங்களுக்கென்று ஐந்தாவதாக ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பொருளோடு ஒரு தாளில் அது யாருடையது, யார் கொடுத்தது, எந்த ஆண்டு என்று எழுதி வைத்து எடுங்கள். அதை ஏலத்தில் போட வேண்டாம். உங்கள் பெயரிலேயே இருக்கட்டும்.